அமெரிக்க வரலாறு படிக்கப் போகிறீர்களா? அதிபர் பட்டியலை ஓரமாக வையுங்கள்

நான் செய்த தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு விடுமுறையில், அமெரிக்க வரலாற்றை உருப்படியாகத் தெரிந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். வாஷிங்டனில் தொடங்கி அதிபர்களை வரிசையாக மனப்பாடம் செய்தால் மற்றதெல்லாம் தானாகப் பின்னால் வந்துவிடும் என்று நம்பி, பதினான்காவது ஆளான ஃபிராங்க்ளின் பியர்ஸ் வரை வந்தேன். அங்கே வண்டி நின்றுவிட்டது. பெயர் தெரியும், வருடம் தெரியும், ஆனால் அந்த மனிதர் நாற்காலியில் இருந்தபோது நாட்டில் என்ன நடந்தது என்று கேட்டால் முழிக்க வேண்டியதுதான்.

அப்புறம் வேறு வழியில் போனேன். ஒவ்வொரு காலகட்டத்திலும் ஒரே கேள்வி: இந்த நேரத்தில் கணக்கில் யார் வருகிறார்கள், யாரை விட்டுவிட்டார்கள்? கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும், ஆனால் வர்ஜீனியாவின் புகையிலைத் தோட்டம் முதல் 1965 வரை எல்லாவற்றையும் ஒரே நூலில் கோக்க இதைவிட வசதியான ஊசி எனக்குக் கிடைக்கவில்லை. அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஒரு நோட்டு, ஒரு வரைபடம், ஐந்து கட்டம்

அமெரிக்காவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-ல் நடந்தது. குடும்பத் தலைவரின் பெயர், பக்கத்தில் ஐந்தே ஐந்து கட்டம்: 16 வயதும் அதற்கு மேலும் உள்ள சுதந்திரமான வெள்ளை ஆண்கள், 16-க்குக் கீழ் உள்ளவர்கள், சுதந்திரமான வெள்ளைப் பெண்கள், சுதந்திரமான மற்றவர்கள், அடிமைகள். எண்ணி முடித்தபோது மொத்தம் சுமார் 39 லட்சம் பேர், அதில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் கடைசிக் கட்டத்தில். பூர்வகுடிகளுக்கு என்று தனிக் கட்டமே கிடையாது.

இந்த ஐந்தையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கீழே பூர்வகுடிகளுக்கு ஆறாவதாக ஒரு வெற்றுக் கட்டம் நீங்களே போடுங்கள். இனி எந்தச் சம்பவத்தைப் படித்தாலும் அது எந்தக் கட்டத்துக்காரர்களுக்கு என்ன செய்தது என்று ஒரு வரி எழுதினால் போதும். வரைபடம் வெறும் எல்லைக்கோடு போட்டதாக இருக்கட்டும், பின்னால் வண்ணம் அடிக்க வேண்டும்.

இரண்டாம் படி: 13 காலனிகளையும் ஒரே ஊராக நினைக்காதீர்கள்

இன்றைய அமெரிக்க மண்ணில் ஐரோப்பியர் கதை ஆங்கிலத்தில் தொடங்கவில்லை. ஃபுளோரிடாவில் ஸ்பானியர்கள் செயின்ட் அகஸ்டினை நிறுவியது 1565-ல், ஆங்கிலேயர்கள் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் இறங்கியது 1607-ல். அதற்கெல்லாம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பிருந்தே பூர்வகுடிகள் அங்கே ஊரும் வயலுமாக வாழ்ந்தார்கள்.

தெற்கிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் பின்னால் வரும் முடிச்சுகள் பெரும்பாலும் அங்கேதான் விழுந்தன. ஜேம்ஸ்டவுன் என்பது லாபத்துக்காக ஒரு கம்பெனி அனுப்பிய கூட்டம். 104 பேர், எல்லாரும் ஆண்களும் பையன்களும். தங்கம் தேடினார்கள், கிடைக்கவில்லை. 1609-10 குளிர்காலப் பஞ்சம் முடிந்தபோது அங்கே இருந்த நூற்றுக்கணக்கானவர்களில் அறுபது பேர் அளவில்தான் உயிரோடு மிஞ்சினார்கள். கடைசியில் ஊரைத் தூக்கி நிறுத்தியது புகையிலை. புகையிலைக்கு ஆள் வேண்டும். முதலில் நான்கு முதல் ஏழு வருட ஒப்பந்தத்தில் இங்கிலாந்தின் ஏழைகள் வந்தார்கள். பிறகு 1619. அந்த ஒரே கோடையில், ஜூலை மாதம் வர்ஜீனியாவின் முதல் பிரதிநிதிகள் சபை கூடியது, ஆகஸ்ட் கடைசியில் இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களோடு ஒரு கப்பல் வந்து, அவர்களைக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுச் சாமான் வாங்கிக்கொண்டு போனது. நோட்டில் இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதுங்கள்.

இன்னொரு வருடத்தையும் எழுதுங்கள், பள்ளிப் பாடங்களில் அவ்வளவாக வராதது: 1662. பிறக்கும் குழந்தை அடிமையா இல்லையா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்று வர்ஜீனியா சட்டம் போட்டது. இங்கிலாந்தில் எல்லாமே தகப்பன் வழி. இங்கே மட்டும் ஏன் தாய் வழி? அப்போதுதான் எஜமானனுக்குப் பிறந்த பிள்ளையும் அவனுடைய சொத்தாகவே இருக்கும். சட்ட நடையில் சின்னதாக எழுதப்பட்ட இந்த விதியின் மேல்தான் இருநூறு வருட அடிமைமுறை உட்கார்ந்திருந்தது.

வடக்கு வேறு மாதிரி. 1620-ல் மேஃபிளவர் கப்பலில் வந்த 102 பேரில் பலர் குடும்பத்தோடு, மத நம்பிக்கைக்காக வந்தவர்கள். முதல் குளிர்காலத்திலேயே பாதிப் பேர் போய்ச் சேர்ந்தார்கள். மிச்சப் பேர் பிழைக்க வாம்பனோவாக் பூர்வகுடிகளின் உதவி முக்கியக் காரணம். அவர்களுக்குக் கைகொடுத்த தலைவர் மாசசாயிட்டின் மகன் மெட்டகோம், 1675-ல் அதே குடியேறிகளை எதிர்த்துப் போர் தொடுக்க வேண்டிவந்தது. நடுவில் டச்சுக்காரர்களிடமிருந்து 1664-ல் பிடுங்கிய நியூயார்க், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த வில்லியம் பென் 1681-ல் சாசனம் வாங்கித் தொடங்கிய பென்சில்வேனியா. இந்த மூன்று ரகமும் மனதில் நின்றால் போதும், 13 பெயரையும் ஒப்பிக்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: தேநீர்க் கதையை வரிக் கணக்காகப் படியுங்கள்

பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போர் 1763-ல் முடிந்தது. பிரிட்டன் ஜெயித்தது, கூடவே கடனும் கழுத்துவரை ஏறியது. அந்தக் கடனில் ஒரு பங்கைக் காலனிகள் தலையில் கட்டலாம் என்று லண்டன் நினைத்ததும் தகராறு தொடங்கியது. 1765-ல் முத்திரைத்தாள் வரி, எதிர்ப்பு வந்ததும் அடுத்த வருடமே ரத்து. 1767-ல் கண்ணாடி, காகிதம், தேயிலை என்று வேறு வரிகள். 1770 மார்ச் 5 அன்று பாஸ்டனில் சிப்பாய்கள் சுட்டு ஐந்து பேர் இறந்தார்கள். அந்தச் சிப்பாய்களுக்காகக் கோர்ட்டில் வாதாடியவர் ஜான் ஆடம்ஸ், பிற்காலத்தில் இரண்டாவது அதிபர் ஆனவர்.

தேயிலை விஷயத்தில் எல்லாரும் ஒரு இடத்தில் தடுக்கி விழுவார்கள். விலை ஏறியதால் கோபப்பட்டார்கள் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். நடந்தது நேர்மாறு. கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை தேங்கிக் கிடந்தது. 1773 சட்டம் அதை நேரடியாகக் காலனிகளில் விற்க விட்டதால் விலை குறைந்தது. ஆனால் பவுண்டுக்கு மூன்று பென்னி வரி அப்படியே இருந்தது. மலிவாகக் கொடுத்து வரியை ஒத்துக்கொள்ள வைக்கிறார்கள் என்பதுதான் கோபம், கள்ளக் கடத்தல் தேயிலை விற்ற வியாபாரிகளின் வயிற்றெரிச்சலும் அதில் சேர்த்தி. டிசம்பர் 16 இரவு, மோஹாக் பூர்வகுடிகள் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு, மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள். வேஷம் மட்டும் பூர்வகுடி, அவர்களுக்கான கட்டம் காலியாகவே இருக்கிறது, கவனியுங்கள்.

1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் துப்பாக்கிச் சத்தம், போர் தொடங்கிவிட்டது. 1776 ஜூலை 4-ல் சுதந்திரப் பிரகடனம். 1781 அக்டோபரில் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தார், உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சடங்குக்குத் தன் துணைத் தளபதியை அனுப்பிவிட்டு. அதே கார்ன்வாலிஸ்தான் 1786-ல் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் வந்து இறங்கி, 1792-ல் திப்புவிடமிருந்து திண்டுக்கல், சேலம், பாராமகால் பகுதிகளைப் பறித்தவர். இன்னொன்றும் உண்டு. பிரான்ஸ் அமெரிக்கர்கள் பக்கம் சேர்ந்ததால் போர் இந்தியக் கடல்வரை வந்தது. அந்தப் போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று 1783 ஜூன் 20 அன்று நம் கடலூருக்கு எதிரே கடலில் நடந்தது. பூர்வாங்க சமாதானம் ஐரோப்பாவில் ஜனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது, சேதி இங்கே வந்து சேர ஜூன் கடைசி ஆகிவிட்டது.

நான்காம் படி: அரசியல் சாசனத்தை நீங்களே படியுங்கள்

பயப்பட வேண்டாம், மூலப் பிரதி நான்கே தோல் தாள். 1787 கோடையில் ஃபிலடெல்ஃபியாவில் 55 பேர் கூடிப் பேசி, 39 பேர் கையெழுத்திட்டது. முதல் பிரிவின் இரண்டாம் உட்பிரிவுக்கு நேராகப் போங்கள். ஒரு மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்று முடிவு செய்ய யாரை எண்ணுவது என்று அங்கே எழுதியிருக்கிறது: சுதந்திரமானவர்கள் முழுசாக, வரி கட்டாத பூர்வகுடிகள் கிடையாது, அப்புறம் 'மற்ற எல்லா நபர்களிலும்' ஐந்தில் மூன்று பங்கு. அடிமை என்ற சொல் அங்கே மட்டுமல்ல, அந்த மூலச் சாசனம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார்கள், எண்ணிக்கையை மட்டும் விடவில்லை.

இதைப் பெரும்பாலோர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அடிமைகளை முழுசாக எண்ணச் சொன்னது தெற்கு, எண்ணவே கூடாது என்றது வடக்கு. ஓட்டுப் போட முடியாத ஆட்களைக் காட்டித் தெற்கு கூடுதல் நாற்காலி வாங்கியது, அதுதான் விஷயம். அதிபர் தேர்தலிலும் அதே கணக்குப் பலன் கொடுத்தது. முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் வர்ஜீனியாக்காரர்களே அதிபர், நால்வரும் அடிமைகள் வைத்திருந்தவர்கள். பார்த்தீர்களா, பட்டியலை மனப்பாடம் செய்தபோது இது எனக்குத் தெரியவே இல்லை.

1791-ல் சேர்ந்த முதல் பத்துத் திருத்தங்களை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், இன்றைய செய்திகளில் அடிபடும் பேச்சுரிமை, துப்பாக்கி எல்லாம் அங்கேதான். 13, 14, 15 என்ற எண்களை மட்டும் ஓரத்தில் குறித்து வையுங்கள், திரும்ப வருவோம்.

ஐந்தாம் படி: வரைபடத்துக்கு வண்ணம் அடியுங்கள், பக்கத்தில் பருத்தியை எழுதுங்கள்

1783-ல் மிசிசிப்பி ஆறுவரை ஒரு வண்ணம். 1803-ல் நெப்போலியனிடம் ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கிய லூசியானா இன்னொரு வண்ணம், நாடு ஒரே கையெழுத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. 1848-ல் மெக்சிகோவைத் தோற்கடித்துப் பெற்ற கலிஃபோர்னியாவும் தென்மேற்கும் மூன்றாவது. நெப்போலியன் விற்ற நிலத்தில் பெரும்பகுதி அவர் கையில் இருந்ததே இல்லை. அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவும் இல்லை.

ஈலை விட்னி 1793-ல் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இயந்திரம் செய்தார். வேலை குறைந்தால் அடிமைகளின் தேவையும் குறையும் என்று தோன்றும், ஆனால் கொட்டை பிரிப்பது சுலபமானதும் பருத்தி போடும் நிலம் பெருகியது, செடியில் எடுக்க ஆள் இன்னும் வேண்டியிருந்தது. 7 லட்சமாக இருந்த கடைசிக் கட்டம் 1860-ல் ஏறக்குறைய 40 லட்சம். புதிய பருத்தி நிலத்துக்காகத் தென்கிழக்கின் பூர்வகுடிகளைத் துரத்த 1830-ல் சட்டம் வந்தது. 1838-ல் செரோக்கி மக்களைச் சிப்பாய்கள் வீட்டிலிருந்து பிடித்து முகாமில் அடைத்து மிசிசிப்பிக்கு அப்பால் ஓட்டிப் போனதில் சுமார் 4,000 பேர் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

ஆறாம் படி: 1854 முதல் 1877 வரை மெதுவாகப் போங்கள்

நேரம் குறைவென்றால் மற்றதைச் சுருக்குங்கள், இதைச் சுருக்காதீர்கள். புதிதாகச் சேரும் மாநிலங்களில் அடிமைமுறை உண்டா இல்லையா என்பதுதான் சண்டை. 1820-ல் ஒரு கோடு போட்டுச் சமாளித்திருந்தார்கள். 1854-ல் அந்தக் கோட்டை அழித்து, அங்கங்கே குடியேறுகிறவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்று கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் வந்தது. கையெழுத்திட்டது யார்? என்னை நிறுத்தி வைத்த அதே பியர்ஸ். கான்சாஸில் ரத்தம் ஓடியது, குடியரசுக் கட்சி பிறந்தது. 1857-ல் ட்ரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில் கறுப்பர்கள் குடிமக்களே ஆக முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1860-ல் லிங்கன் நாற்பது சதவீத ஓட்டில் ஜெயித்தார், அந்த டிசம்பரிலேயே தென் கரோலினா பிரிந்துபோனது.

அடுத்து வந்த உள்நாட்டுப் போர் அடிமைமுறைக்காக நடந்ததா, மாநில உரிமைக்காகவா என்று யாராவது உங்களிடம் வாதம் செய்தால் பேச்சை வளர்க்காதீர்கள். பிரிந்த மாநிலங்கள் சில அப்போதே காரணம் எழுதி வெளியிட்டன. மிசிசிப்பியின் அறிக்கையைத் தேடிப் பாருங்கள், தொடங்கிய கையோடு தங்கள் நிலை அடிமைமுறையோடு முழுக்கப் பிணைந்தது என்று அவர்களே சொல்கிறார்கள்.

1861 ஏப்ரல் 12-ல் சம்ட்டர் கோட்டையில் தொடங்கியது, 1865 ஏப்ரலில் முடிந்தது, செத்தவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். 1863 விடுதலை அறிவிப்பு கிளர்ச்சிப் பகுதிகளுக்கு மட்டும்தான், வடக்கோடு நின்ற அடிமை மாநிலங்களைத் தொடவில்லை. டெக்சாஸின் கால்வெஸ்டனுக்குச் சிப்பாய்கள் போய் அறிவித்தது 1865 ஜூன் 19-ல். அந்த நாள் 2021 முதல் தேசிய விடுமுறை.

இப்போது குறித்து வைத்த மூன்று எண்கள். 13-வது திருத்தம் 1865-ல் அடிமைமுறையை ஒழித்தது. 14-வது 1868-ல் அமெரிக்காவில் பிறந்தவர்களைக் குடிமக்கள் ஆக்கியது. 15-வது 1870-ல் நிறத்தைக் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்றது. அதே 1870-ல் ஹைரம் ரெவல்ஸ் மிசிசிப்பியிலிருந்து முதல் கறுப்பின செனட்டராகப் போனார். 1877-ல் ஒரு தேர்தல் பேரத்தில் தெற்கைக் காவல் காத்த ராணுவம் விலகியது. அப்புறம் கறுப்பர்களின் ஓட்டைத் தடுக்கத் தலைவரி, எழுத்தறிவுச் சோதனை, இன்னும் என்னென்னவோ. லூசியானாவில் பதிவு செய்திருந்த கறுப்பின வாக்காளர்கள் 1896-ல் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் பேர். 1904-ல் 1,342 பேர். திருத்தம் சாசனத்தில் அப்படியேதான் இருந்தது.

ஏழாம் படி: 1945 வரை வேகமாக

1869-ல் யூட்டாவில் கிழக்கு ரயிலும் மேற்கு ரயிலும் சந்தித்தன. மேற்குப் பாதைக்காக மலையை உடைத்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள், 1882-ல் சீனத் தொழிலாளர்கள் வரவே கூடாது என்று சட்டம். 1890 டிசம்பரில் வூண்டட் நீ என்ற இடத்தில் லக்கோட்டா பூர்வகுடிகள் படுகொலை. 1898-ல் ஸ்பெயினோடு போர், பிலிப்பைன்ஸ் கைக்கு வந்தது.

1920-ல் பெண்களுக்கு ஓட்டு. அதில் ஒரு குட்டிக் கதை உண்டு. அந்தத் திருத்தத்துக்கு ஒப்புதல் தரும் வாக்கெடுப்பில் டென்னசி மாநிலச் சட்டசபையில் இழுபறி. ஹாரி பர்ன் என்ற 24 வயது உறுப்பினர் எதிர்ப்பாளர்களின் சிவப்பு ரோஜாவைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தவர், பையில் அம்மா எழுதிய கடிதம், ஆதரித்து ஓட்டுப் போடச் சொல்லி. போட்டார், தீர்மானம் நிறைவேறியது. பூர்வகுடிகள் எல்லாருக்கும் குடியுரிமைச் சட்டம் 1924-ல்தான். நீங்கள் போட்ட ஆறாவது கட்டத்தில் அதை எழுதலாம், சில மாநிலங்கள் அதற்குப் பிறகும் ஓட்டுத் தரவில்லை என்பதோடு.

1929 பங்குச் சந்தைச் சரிவு, 1933-ல் நாலில் ஒரு தொழிலாளிக்கு வேலை இல்லை, அதிபர் ரூஸ்வெல்ட்டின் 'புதிய ஒப்பந்தம்' என்ற நிவாரணத் திட்டங்கள், 1941-ல் பேர்ல் ஹார்பர் மீது ஜப்பானின் தாக்குதல், மறுவருடம் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில், அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். உலகப் போர்களைப் பற்றி எங்கும் நிறையக் கிடைக்கும், நான் இங்கே நிறுத்துகிறேன்.

எட்டாம் படி: 1954 முதல் 1965

1954-ல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு. 1955 டிசம்பரில் மான்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்தார். ஊரின் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ் ஏறவில்லை. நடந்தார்கள், கார்களில் ஒருவரையொருவர் ஏற்றிக்கொண்டார்கள். 1964-ல் குடிமை உரிமைகள் சட்டம், 1965 ஆகஸ்டில் ஓட்டுரிமைச் சட்டம். 15-வது திருத்தம் வந்து 95 வருடம்.

அதே 1965 அக்டோபரில் லிண்டன் ஜான்சன் சுதந்திர தேவி சிலையடியில் இன்னொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பிறந்த நாட்டை வைத்து ஆள் எண்ணிக்கை ஒதுக்கும் முறை போனது. அதற்கு முன் நிலைமை என்ன என்றால், 1923-ல் பகத் சிங் திந்த் என்ற முன்னாள் அமெரிக்க ராணுவ வீரரின் வழக்கில் இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. 1946-ல் குடியுரிமைக்கு வழி திறந்தது, ஆனால் வருடத்துக்கு இந்தியாவிலிருந்து 100 பேர். இன்று நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் பொங்கல் விழா நடத்தும் தமிழர்களில் பெரும்பாலோர் அங்கே போய்ச் சேர்ந்த கதை 1965-க்குப் பின்னால்தான் தொடங்குகிறது.

வியட்நாம், 1974-ல் நிக்சன் ராஜினாமா, 2001 செப்டம்பர் 11 எல்லாம் கடைசியில் படித்தால் போதும், அதற்குள் உங்களுக்கே கேள்வி கேட்கத் தெரிந்துவிடும்.

ஒன்பதாம் படி: பழைய கணக்குத் தாள் ஒன்றைக் கண்ணால் பாருங்கள்

இதைச் செய்யாமல் விடாதீர்கள். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் வழியாகப் பழைய சென்சஸ் தாள்களின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. முதலில் 1860-ன் அடிமைகள் பட்டியல். எஜமானரின் பெயர் இருக்கும், அதற்குக் கீழே 35, ஆண், கறுப்பு. 22, பெண், கறுப்பு. 1, ஆண், கலப்பு என்று வரிவரியாக ஓடும், அந்த வரிகளில் அநேகமாக எதிலும் பெயர் இருக்காது. அதே மாவட்டத்தின் 1870 தாளை எடுங்கள். பெயர்கள் வந்துவிட்டன, குடும்பம் குடும்பமாக. தங்கள் மூதாதையரைத் தேடும் கறுப்பின அமெரிக்கர்கள் பலர் 1870 வரை சுலபமாகப் போய், அங்கே ஒரு சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான்.

அப்புறம் 1930. இனம் என்ற கட்டத்தில் வெள்ளை, நீக்ரோ, சீனர் என்று போகும் பட்டியலில் 'ஹிந்து' என்று ஒன்று இருக்கும். சீக்கியரோ முஸ்லிமோ, இந்தியாவிலிருந்து போனவர் யாராக இருந்தாலும் அதற்குள்தான் போட்டார்கள். 1920 முதல் 1940 வரை மூன்று கணக்கெடுப்பில் அது இருந்தது.

தனிநபர் விவரம் உள்ள தாள்களை 72 வருடம் பூட்டி வைப்பது அங்கே விதி. 1950 தாள்கள் 2022 ஏப்ரலில் திறந்தன. 1960-க்கு 2032 வரை காத்திருக்க வேண்டும்.